கைப்பக்குவம் நோட்டில் ஏறட்டும்

குழுத் தொழில் என்றாலே கடன், வட்டி, மானியம் பற்றித்தான் பேசுகிறோம். பணம் இருந்தும் தொழில் நின்றுபோவது உண்டு. அப்பள மாவு பிசையும் பக்குவம் ஒரே அக்காவுக்குத்தான் தெரியும் என்று வையுங்கள். அவர் மகள் பிரசவத்துக்குப் போய்விட்டால் மாவு ஒருநாள் இளகும், மறுநாள் ஓரம் வெடிக்கும். கடைக்காரர் எத்தனை தடவை பொறுப்பார்?

மும்பையில் 1959-இல் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் போட ஆரம்பித்தார்கள். அதுதான் இன்றைய லிஜ்ஜத். அங்கே மாவைக் கிளையிலேயே ஒரே அளவில் பிசைந்து, எடை போட்டுக் கொடுக்கிறார்கள். பெண்கள் வீட்டில் தேய்த்துக் காயவைத்துக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தேய்க்கிற கை மாறினாலும் ருசி மாறுவதில்லை.

நாமும் கணக்கு நோட்டோடு ஒரு தொழில் நோட்டு வைப்போம். அக்கா பிசையும்போது பக்கத்தில் தராசு இருக்கட்டும். 'ஒரு கைப்பிடி உப்பு' என்று எழுதினால், யார் கைப்பிடி? கிராமில் எழுதுங்கள். 1 கிலோ உளுந்து மாவுக்கு அப்பளக்காரம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, மழைக்காலத்தில் எவ்வளவு குறைப்பார், உளுந்து எந்தக் கடையில் என்ன விலை, யார் பாக்கி வைப்பார், எல்லாம் ஏறட்டும். எழுதத் தெரியாதவங்க சொல்லலாம், படிக்கிற பிள்ளை எழுதட்டும்.

"சொல்லிக்கொடுத்துட்டா அப்புறம் என்னை யாரு மதிப்பாங்க?" என்று அக்கா யோசிக்கலாம். நியாயமான பயம்தான். இத்தனை வருட அனுபவத்தை இனாமாகக் கேட்பது சரியில்லை என்பது எங்கள் கருத்து. கற்றுக்கொடுக்கும் நாட்களுக்குக் கூலி என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள். கற்பவர் இருவராவது இருக்கட்டும். அடுத்த கூட்டத்துக்கு முன் ஒருநாள் அக்காவைச் சும்மா உட்காரவைத்து, அந்த இருவரும் நோட்டைப் பார்த்துப் பிசையட்டும். மாவு சரியா என்று அக்காவே தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.