திருவக்கரைக் கன்மரங்களும் பண்டை மழையும்

ஒரு நாட்டின் மரஞ்செடி கொடிகளை வகுப்பது அந்நாட்டின் மழையாகும்; மழை மாறின் காடும் மாறும். இவ்வுண்மைக்குச் சான்று நாடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதின்று. திண்டிவனத்திற்குத் தெற்கே, விழுப்புர மாவட்டத்து வராகநதிக் கரையிலுள்ள திருவக்கரையே சாலும்.

ஆங்குக் கிடக்கும் கன்மரங்களை வக்கிராசுரனுடைய எலும்புகள் என்று ஊரார் வழிவழியாகக் கூறுவர். நிலநூலாரோ, அவை ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் என்றும், மணலிற் புதையுண்டு, நீரிற் கரைந்த சிலிக்கா ஊடுருவியதாற் கல்லாயின என்றும் உரைப்பர். கடலூர் மணற்கல்லிற் கிடைத்த இத்தகைய மரங்களுள் குங்கிலியக் குடும்பத்தன சில உள. அக்குடும்பத்து வெள்ளைக்குங்கிலியம் இன்று மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் வளர்வது. கிளையும் பட்டையும் இன்றிக் கிடத்தலின், இக்கன்மரங்கள் வெள்ளத்தால் அடித்து வரப்பட்டன என்பர். அங்ஙனமாயினும், அவ்வாறு பாய்ந்த நிலத்தில் ஈரக்காடு செழித்திருந்தமை தெளிவு.

பின்னர் உலகின் தட்பவெப்பம் மாறிற்று. இமயத்து அடிவாரமாகிய சிவாலிக்கில், 80 இலட்சம் முதல் 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், காடு குன்றிப் புல்வெளி பரந்தது. மழையற்ற மாதங்கள் நீளுங்கால் மரக்கன்று வாடும். காய்ந்த புல்லில் தீப் பரவும். தீயிற் கன்று மடிய, புல்லோ வேரினின்று மீண்டும் தளிர்க்கும். மரமும் வெப்பநாட்டுப் புல்லும் காற்றினின்று கரியை ஏற்கும் வகை வேறாதலின், மண்ணில் எஞ்சிய கரியணுக்களைக் கொண்டு இம்மாற்றத்தை அறியலாம். இம்முறையால் நீலகிரிச் சதுப்பு மண்ணை ஆய்ந்த முடிவு 1993-இல் வெளிவந்தது. கடைசிப் பனியூழியில், பருவமழை தளர்ந்தபொழுது, ஆங்குப் புல் மிக்கிருந்தமையை அது காட்டிற்று.

இனி, நம் மாவட்டத்து முட்புதர்களும் மழை மாறியதன் பயனோ எனின், முற்றும் அன்று. ஈரக்காட்டை நீக்கியது வானம் என்னலாம். ஆயின், இன்று ஆண்டிற்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை பெறும் இதே நிலப்பகுதியில், புத்துப்பட்டு ஐயனார் கோயிற் காடு உலர்பசுங்காடாய் இன்றும் நிற்கின்றது. மழை ஒன்றே, மண்ணும் பெரிதும் வேறன்று, கோடரி புகாமையே வேறுபாடு. ஆகவே, முட்புதரை ஊழென்று கொண்டு வாளாவிருத்தல் தகாது. வானம் பல இலட்சம் ஆண்டுகளிற் செய்ததை நாம் ஒரு தலைமுறையிற் செய்கின்றோம். காத்தலும் நம் கையிலுள்ளது என்பதற்கு அக்கோயிற் காடே சான்று.