விரிசல் விட்ட பேட்டுக்கு எந்தப் பசை?

கோவை வ.உ.சி. மைதானத்தில் ஆடினாலும் அறுவடை முடிந்த சோளக்காட்டில் ஆடினாலும் காஷ்மீர் வில்லோ பேட் பெரும்பாலும் அடிமுனையில்தான் விடும். யார்க்கரும் ஈரத்தரையும் சேர்ந்து செய்கிற வேலை அது. முகப்பில் ஓடும் மயிரிழைக் கோடுகளுக்குப் பயப்பட வேண்டாம், டேப் போதும்.

அழுத்தினால் விரிசல் மூடிக்கொள்கிறதா? மரவேலை ஃபெவிகால் போதும். ஈரம் தாங்கும் மரைன் வகை இன்னும் நல்லது. சில்லு பெயர்ந்து இடைவெளி விழுந்திருந்தால் அரால்டைட். இரண்டு டியூபிலிருந்தும் சம அளவு எடுத்து நன்றாகக் கலக்குங்கள். அவசரத்துக்கு எல்லோரும் தேடுவது ஃபெவிக்விக். இறுகியபின் அதற்கு வளையத் தெரியாது, நாலு பந்தில் விட்டுவிடும்.

எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. அதனால் முதலில் ஒட்டு, உப்புத்தாள். அதன்பிறகே ஆளிவிதை எண்ணெய். பசையை ஊசி சிரிஞ்சால் விரிசலின் அடிவரை செலுத்தி, பிதுங்குவதைத் துடைத்துவிட்டு, கிளாம்ப் போடுங்கள். கிளாம்ப் இல்லையா, பழைய சைக்கிள் டியூபை இழுத்துச் சுற்றினாலும் அதே பிடி கிடைக்கும். ஒரு நாள் முழுக்க அப்படியே கிடக்கட்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் மேற்புறம் சீக்கிரம் காய்ந்துவிடும். உள்ளே இன்னும் ஈரமாக இருக்கும்.

லீக் ஆட்டம் என்றால், பழுதுக்காக முகப்பில் ஒட்டும் டேப் 1 மி.மீ. தடிமனைத் தாண்டக்கூடாது என்பது விதி. கைப்பிடி கழுத்தில் முறிந்திருந்தால் வீட்டு வைத்தியம் பலிக்காது. பேட் சரிசெய்பவரிடம் முதலில் கூலியைக் கேளுங்கள். மலிவான பேட் என்றால் புதிதே வாங்கிவிடலாம்.