மலைக்கொடிகளை இனங்காணும் முறை

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி முதலிய மலைக்காடுகளில் மழைக்குப்பின் பலவகைக் கொடிகள் தழைக்கின்றன. உணவாகும் கிழங்கும் உயிரைப் போக்கும் கிழங்கும் அருகருகே விளைதலால், சேகரிப்போர் கொடியறிந்து தோண்டுதல் அவசியமாகும். மூன்று கொடிகளின் அடையாளங்களை அங்கத்தினர்கள் ஈண்டு அறிக.

முதலாவது மலைத்தாமரை. இது தாவர நூலில் ஸ்மைலாக்ஸ் ஸெய்லானிக்கா எனப்படும். மருந்துக் கடைகளில் விற்கும் பறங்கிப்பட்டைக்கு இனமானது. இலை அகன்றது, அடியிலிருந்து நுனிவரை சில தடித்த நரம்புகள் வளைந்தோடும். இலைக்காம்பின் அடிப்புறத்தில் இரண்டு பற்றுக்கம்பிகள் தோன்றும். இலை உதிர்ந்த பின்னும் காம்பின் அடித்துண்டு கம்பிகளுடன் தண்டிலேயே தங்கும். பழம் சிறிய உருண்டை; பழுத்தால் சிவக்கும். முள்ளைக் கொண்டு இதனை நிச்சயித்தல் கூடாது; தண்டில் முள் சிலவாயிருக்கும், இல்லாமலும் போகும். வட அமெரிக்கக் காடுகளில் இக்குடும்பத்து மென்தண்டுச் செடியொன்று முள்ளே இல்லாதது. அதற்கும் பற்றுக்கம்பி உண்டு.

இரண்டாவது காட்டுவள்ளி. பல வகைகளில் இலை மலைத்தாமரையைப் போன்றே தோன்றும். ஆயின் பற்றுக்கம்பி கிடையாது. தண்டே மரத்தைச் சுற்றி ஏறும். காய் மூன்று சிறகுடன் உலர்ந்திருக்கும். இவ்வகைகளிலும் சில நஞ்சுடையன. ஆதலால் பழக்கமான வகையை மட்டுமே உண்ணல் வேண்டும்.

மூன்றாவது கண்வலிக்கிழங்கு என்னும் செங்காந்தள். இலை குறுகியது, காம்பற்றது. அதன் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகும். கிழங்கு கலப்பைபோல் வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் பெயர். இதிலுள்ள கால்சிசின் என்னும் நஞ்சு வேகவைத்தாலும் நீங்காது. இதனை வள்ளிக்கிழங்கென எண்ணி உண்டு மாண்டோர் உண்டு.

சுருங்கக் கூறின், கம்பி காம்படியிலாயின் மலைத்தாமரை, இலைநுனியிலாயின் கண்வலிக்கிழங்கு, கம்பியின்றித் தண்டே சுற்றினால் வள்ளியாகலாம், பிற அடையாளங்களையும் பார்க்க வேண்டும்.

கோடையில் இலை காய்ந்தபின் ஐயம் மிகும். அப்போது காய்ந்த தண்டைப் பிடித்து அது கிழங்கில் சேருமிடம்வரை தோண்டுக. தண்டு அறுபட்டு இன்ன கொடியின் கிழங்கென்று தெரியாவிடில் அதனை வீட்டிற்குக் கொண்டுபோகலாகாது. சங்கத்தில் கிழங்கை நிறுக்கும்போதும் கொடித்துண்டை உடன்வைத்துப் பார்த்தல் நலம்.

தவறி உண்டவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் சில மணி நேரம் கழித்தே காணலாம். அதுவரை காத்திராமல், எஞ்சிய கிழங்குடன் உடனே அவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.