முதுகில் இருக்கும் கருவிக்குத் தெரியாதது

காற்பந்து ஆட்டம் முடிந்து ஆட்டக்காரர்கள் ஜெர்சியைக் கழற்றும்போது, உள்ளே நெஞ்சை மட்டும் மறைக்கும் ஒரு கறுப்பு உடை தெரியும். டிவியில பாத்திருப்பீங்க. விஷயம் உடையில் இல்லை, அதன் முதுகுப்பக்கத்துச் சின்னப் பையில் இருக்கும் கருவியில்தான். ஆட்டத்தின்போதும் இதை அணியலாம் என்று 2015-இல் ஃபிஃபா அனுமதித்தது.

கருவி ஜிபிஎஸ் வழியாக, பெரும்பாலும் வினாடிக்கு 10 முறை, ஆட்டக்காரர் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் முடுக்கமானி உடல் குலுங்குவதையும் பதிவு செய்கிறது. ஓடிய தூரம், வேகம், எத்தனை தடவை சட்டென்று பிரேக் போட்டார் எல்லாம் இதிலிருந்து வந்துவிடும். அப்படியானால் அவர் மேல் இருக்கும் அழுத்தத்தையும் அளந்துவிடலாமா?

எந்த அழுத்தம் என்று முதலில் கேட்கணும். எதிரணி தருவது ஒன்று. உடல் தாங்குவது இன்னொன்று.

மத்தியத் திடல் ஆட்டக்காரர் ஒருவர் எதிரணிக் கோலுக்கு முதுகைக் காட்டிப் பந்தை வாங்குகிறார். இரண்டு மீட்டர் பின்னால் ஒரு தற்காப்பு ஆட்டக்காரர். ஒரே அடி, ஒரு திருப்பம், பாஸ். ஓடிய தூரக் கணக்கில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் ஆட்டத்திலேயே கஷ்டமான நொடி அதுதான். கருவிக்குத் தன்னை அணிந்தவரை மட்டுமே தெரியும், எதிராளி எங்கே நிற்கிறார் என்று தெரியாது. அதனால்தான் பெரிய ஆட்டங்களில் அரங்கக் கேமராக்கள் 22 பேரையும் சேர்த்துப் பின்தொடர்கின்றன.

2017-இல் கென்னடி அந்திரியென்கோவும் சக ஆய்வாளர்களும் இதற்கு ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பந்து வைத்திருப்பவரைச் சுற்றி ஒரு முட்டை வடிவம் போடுங்கள். கோல் இருக்கும் பக்கம் 9 மீட்டர், பின்பக்கம் 3 மீட்டர். அதற்குள் வரும் எதிராளி நெருங்க நெருங்க அழுத்தம் கூடும். வழியை மறிப்பவர், பின்னால் துரத்துபவரைவிடத் தொல்லை. விளையாடுற யாருக்கும் இது புரியும். பயிற்சியில் இரு பக்கமும் கருவி அணிந்தால் இதையே கணக்கிடலாம். ஆனால் 3 மீட்டர் கணக்கில் ஜிபிஎஸ் ஒரு மீட்டர் தவறினாலே பெரிய பிழை. கூரைக்குக் கீழே நடக்கும் ஃபுட்சாலுக்கு ஜிபிஎஸ் உதவவே உதவாது.

உடல் அழுத்தம் நம் எல்லோருக்கும் கிட்டத்து விஷயம். இரண்டு பேர் 8 கிலோமீட்டர் ஓடினார்கள். ஒருவர் நன்றாகத் தூங்கியவர். மற்றவர் தேர்வுக்காக இரவெல்லாம் கண்விழித்தவர். தூரத்தை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்றுதான். அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் சொன்ன வழி ரொம்ப எளிது. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, "எவ்வளவு கஷ்டமா இருந்தது? 0-லிருந்து 10-க்குள்ள சொல்லு" என்று கேளுங்கள். பதிலைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குங்கள். 60 நிமிடம், கஷ்டம் 4 என்றால் 240. அதே 60 நிமிடம், கஷ்டம் 8 என்றால் 480. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

பள்ளி அணி, கிளப், ஞாயிற்றுக்கிழமை ஃபுட்சால் என்று மூன்று இடத்தில் விளையாடுற தம்பி தங்கைகளே, இதை நீங்களே எழுதி வைங்க. மூன்று பயிற்றுநர்களும் அவரவர் பயிற்சியை மட்டும்தான் பார்க்கிறார்கள். வாரத்தின் மொத்தம் உங்களுக்கு மட்டுமே தெரியும். போன வாரம் 1,200, இந்த வாரம் திடீரென்று 2,400 என்றால், தொடை பிடிப்பதற்கு முன்பே பயிற்றுநரிடம் காட்டுங்க.

பயிற்றுநர்களுக்கும் ஒரு வார்த்தை. 8 என்று சொன்ன பையனை அடுத்த ஆட்டத்தில் உட்கார வைத்துவிட்டால், அதற்கப்புறம் அவன் 4 என்றுதான் சொல்வான். கருவியின் எண்களுக்கும் இதே கதிதான். தொழில்முறை ஆட்டக்காரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோ, ஆட்டக்காரரின் தரவு உரிமைகளுக்கென்றே 2022-இல் ஒரு சாசனம் வெளியிட்டது. உங்கள் கிளப் கருவியைக் கொடுத்தால், எண்களை யார் யார் பார்ப்பார்கள், எனக்கும் காட்டுவீர்களா என்று கேட்டுவிட்டே மாட்டிக்கொள்ளுங்கள்.