மலர்ப்படமும் நண்பர் திருத்தமும்

தொல்காப்பியம் அதங்கோட்டாசானுக்குக் குற்றமறக் காட்டப்பெற்று அரங்கேறியதென அதன் பாயிரம் கூறும். நூலுக்குரிய அம்முறை நிழற்படத்திற்கும் ஏற்புடையதே.

உத்திரமேரூர்ப் பக்கத்து வேலிகளில் மழைக்காலத்தே மலரும் செங்காந்தளை மிக அணுகிப் படமெடுப்போமாயின், முன்னீண்ட மகரந்தப்பை தெளிவுற, பின்வளைந்த இதழ்கள் மங்கிவிடும். அணுகுந்தோறும் தெளிவெல்லை சுருங்குதலே இதற்குக் காரணம். “அழகிது” என்னும் புகழ்ச்சியோ, “நன்றன்று” என்னும் இகழ்ச்சியோ இக்குறையை நீக்குமா? “இதழ்நுனி மங்கியுள்ளது, வில்லைத் துளையை எஃப் 11 அளவிற்குச் சுருக்குக, அதனால் ஒளிபுகும் நேரம் நீளுமாதலின், காற்றடங்கிய காலையில் முக்காலி நிறுத்தி எடுக்க” என்பவரே உற்ற நண்பர். குறையுள்ள இடமும், அதன் காரணமும், தீர்க்கும் வழியும் சேர்ந்ததே பயன்தரும் திருத்தம்.

படத்தைக் காட்ட நாணுவோமாயின் அத்திருத்தத்தை இழப்போம். ஆதலின், துணிந்து காட்டுவோம், அன்புடன் திருத்துவோம், பணிவுடன் ஏற்போம்.