பார்ப்பதும் பற்றுவதும்

பழைய தத்துவம் ஒன்றையும் இக்காலப் பணிமுறை ஒன்றையும் இப்பாடத்தில் ஒப்பிட்டுக் காண்போம்.

மகாபாரதத்தின் பீஷ்ம பருவத்தில் இடம்பெறும் பகவத்கீதை 18 அத்தியாயங்களைக் கொண்டது. போர்க்களத்தில் உற்றாரை எதிரே கண்ட அருச்சுனன் மனங்கலங்கி வில்லைக் கைவிட்டான். அவனுக்குக் கண்ணன் இரண்டாம் அத்தியாயத்தில் கூறும் அறிவுரை இது: செயல் புரிவதே மனிதனுக்கு உரியது, பயன் அவன் கையில் இல்லை. அதனால் செயலை விட்டுவிடுதலும் தகாது. இந்நெறியைக் கர்மயோகம் என்பர்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மென்பொருள் வல்லுநர் 17 பேர் கூடி, 'அஜைல்' பணிமுறைக்குரிய அறிக்கையை உருவாக்கினர். நடைமுறைகளையும் கருவிகளையும்விட மனிதர்களும் அவர்களது கலந்துரையாடலும் மேலானவை என்பது அதன் முதல் விழுமியம்.

அஜைல் முறைகளுள் ஒன்று 'ஸ்க்ரம்'. இதில் பணி, ஒரு மாதத்திற்கு மிகாத சிறு சுற்றுகளாக நடைபெறும். நாள்தோறும் குழுவினர் 15 நிமிடம் கூடிப் பேசுவர். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், நன்கு நடந்தது எது, திருத்த வேண்டியது எது என ஆராய்வர். அப்போது பழிக்கு அஞ்சுபவர் பிழையை மறைப்பார். புகழை விரும்புபவர் பிறர் கருத்தைக் கேளார். மறைத்த பிழையோ அடுத்த சுற்றிலும் தொடரும்.

அஜைல் கீதையிலிருந்து பிறந்ததன்று. கீதை வீடுபேற்றை நோக்குவது. அஜைல் பயனர்க்கேற்ற மென்பொருளை நோக்குவது. பயனை அடிக்கடி பார்க்கச் சொல்வது அஜைல். பயனைப் பற்றாதே என்பது கீதை. இது முரண்போல் தோன்றும். ஆனால் பார்ப்பது வேறு, பற்றுவது வேறு. திருத்திய விடைத்தாளில் மதிப்பெண்ணை மட்டும் கண்டு மகிழ்பவரும் வருந்துபவரும் தாளை மூடிவிடுவர். எவ்விடை ஏன் தவறியது என்று அமைதியாகப் பார்ப்பவரே அடுத்த தேர்வில் முன்னேறுவர். வெற்றி தோல்விகளில் சமநிலை பேணுதலே யோகம் என்று கீதை கூறுவதன் பொருள் இங்கு விளங்கும்.

அருஞ்சொற்பொருள்
உற்றார் – உறவினர்
விழுமியம் – உயர்வாகப் போற்றும் கொள்கை
வீடுபேறு – பிறவியிலிருந்து பெறும் விடுதலை
பற்றுதல் – விடாது பிடித்துக்கொள்ளுதல்

பயிற்சி
1. அருச்சுனன் வில்லைக் கைவிட்டது ஏன்?
2. மறைத்த பிழையால் குழுவிற்கு விளையும் தீமை யாது?
3. பிரித்து எழுதுக: பிறந்ததன்று, எவ்விடை.
4. 'பார்ப்பது வேறு, பற்றுவது வேறு' – உம் வாழ்விலிருந்து எடுத்துக்காட்டுடன் விளக்குக.
5. வகுப்பில் குழுச் செயல்திட்டம் முடிந்தபின், எவரையும் பழிக்காமல் கேட்கத்தக்க மூன்று வினாக்களை எழுதுக.