கண்ணாடிக்குள் கடல்

கரையில் நின்று கடலைக் காண்பார் காண்பது பெரும்பாலும் அலையையே. அலைக்குக் கீழே இயங்கும் உயிர்களின் வாழ்க்கை அவர் கண்ணுக்குப் புலனாவதில்லை. சந்தையிற் கூடையில் கிடக்கும் மீனோ உயிர் நீங்கிய மீன். அதனைக் கொண்டு மீனின் வாழ்க்கையை அறியப் புகுதல், நிலையில் நிற்கும் தேரைப் பார்த்து அதன் ஓட்டத்தை அறிய முயல்வது போன்றதாகும். மீன் எங்ஙனம் மூச்சு விடுகின்றது, பகை வந்தபோது யாது செய்கின்றது, தன் முட்டையை எவ்வாறு காக்கின்றது என்பனவற்றை உயிருள்ள மீனிடத்தே காணல் வேண்டும். அங்ஙனம் காண்பதற்கு அமைந்த இடமே மீன் காட்சிச்சாலை.

கண்ணாடித் தொட்டியில் கடலுயிர்களை வைத்துப் பார்க்கும் வழக்கம் வேடிக்கைக்காகத் தோன்றியதன்று. அதன் தொடக்கத்தில் ஒரு வினா நிற்கின்றது. பிரான்சு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் 1794-ஆம் ஆண்டு பிறந்தவர் ழான் வில்ப்ரூ பவர் என்னும் பெண்மணி. பாரிசு நகரில் ஆடை தைக்கும் தொழில் செய்துவந்த அவர், வணிகர் ஒருவரை மணந்து சிசிலித் தீவின் மெசினா நகரில் குடியேறினார். அக்கடலில் ஆர்கோனாட் என்னும் உயிர் ஒன்று உண்டு. அது பேய்க்கணவாயின் இனத்தது. பெண் ஆர்கோனாட் தாள்போல் மெல்லிய வெள்ளோடு ஒன்றனுள் வாழும். அவ்வோடு அதற்கே உரியதா, அன்றிச் சங்குநண்டு பிறிதோர் உயிரின் வெறுஞ்சங்கிற் குடிபுகுவதுபோல் இதுவும் இரவல் வீட்டில் வாழ்கின்றதா என்பதில் அறிஞர் நெடுங்காலம் மாறுபட்டிருந்தனர்.

அம்மையார் நூல்களைப் புரட்டி வாதிட்டாரல்லர். 1832-ஆம் ஆண்டளவில் கண்ணாடித் தொட்டி அமைத்தார். கடலில் இறக்கி வைக்கத் தக்க கூடுகளையும் செய்தார். அவற்றில் ஆர்கோனாட்டுகளை உயிரோடு வைத்து நாள்தோறும் நோக்கினார். இளங்குஞ்சு தானே ஓட்டை உண்டாக்கத் தொடங்குவதையும், ஓடு உடைந்தவிடத்து அவ்வுயிரே அதனைச் செப்பனிட்டுக் கொள்வதையும் கண்டார். வழக்குத் தீர்ந்தது. பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதியாத ஒருவர், பொறுமையாகப் பார்த்தமையாலேயே இதனைத் தீர்த்தார் என்பது நினைக்குந்தோறும் இன்பம் தருகின்றது.

இலண்டன் மாநகரின் விலங்குக் காட்சிச்சாலையில் 1853-ஆம் ஆண்டு பொதுமக்கள் காணும்பொருட்டு மீன் இல்லம் ஒன்று திறக்கப்பெற்றது. நம் சென்னைக் கடற்கரையிலும் 1909-ஆம் ஆண்டு ஒரு மீன் காட்சிச்சாலை எழுந்தது. இரண்டாம் உலகப் போரின்போது 1942-ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. அந்நாளையச் சென்னை மக்கள் விலங்குக் காட்சிச்சாலையை ‘உயிர்க் காலேஜ்’ என்றும் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் வழங்கினர். கேட்போர் நகைப்பர். ஆயினும், அவ்விடங்களைக் கல்லூரி என்றே அவர்கள் அழைத்தார்கள் என்பதனை நோக்குக.

கல்லூரிக்குச் செல்வார்போல நாம் அங்குச் செல்கின்றோமா? மாணவர் சிலரை ஒருமுறை அத்தகைய சாலை ஒன்றிற்கு அழைத்துச் சென்றேன். கால் மணி நேரத்தில் அனைவரும் வெளிவாயிலில் நின்றனர். “யாது கண்டீர்கள்?” என்று வினவினேன். “மீன் கண்டோம், ஐயா!” என்றான் ஒருவன். மற்றையோர் சிரித்தனர். உண்மையில் அவ்விடை பிழையன்று. அவர்கள் கண்டது அவ்வளவே. மீண்டும் உள்ளே அனுப்பினேன். இருவர்க்கு ஒரு தொட்டி. அரைமணி நேரம் அவ்விடம் விட்டுப் பெயரலாகாது. கண்டதை எழுதவும் வரையவும் வேண்டும் என்பதே கட்டளை. இம்முறை வெளியே அழைத்து வருதல் எனக்கு அரிதாயிற்று.

பெருங்கடலிற் பிறந்த உயிர் ஒன்றனைச் சிறு தொட்டியில் அடைத்தல் எளிய செயலன்று. அது நம்பொருட்டுச் சிறையிருக்கின்றது. நாம் அதனிடம் ஒன்றும் கற்றிலமாயின், அச்சிறைக்கு யாது நியாயம் கூறவியலும்? இளஞ்சிறார் வண்ணங் கண்டு மகிழ்ந்து செல்லலாம். உயர்நிலை வகுப்பு மாணவர் அதனோடு அமைதல் தகாது. கண்ணாடியைத் தட்டுதல் அதனினும் தகாதது. காற்றிற் செல்வதைப் போல் நான்கு மடங்குக்கு மேலான விரைவுடன் ஒலி நீரிற் செல்லும். நம் விரலின் சிறு தட்டும் உள்ளிருக்கும் உயிரை அலைக்கும்.

இனி, நோக்கும் முறையைக் கூறுவோம். மீன் வாயை ஓயாது திறந்து மூடுவதைக் கண்டு, அது நீர் பருகுகின்றது என எண்ணுவார் பலர். அது மூச்சு விடுகின்றது. வாய்வழிப் புகும் நீர் செவுள்களைக் கடந்து, செவுள்மூடியின் வழியே வெளியேறும். நீரிற் கரைந்துள்ள உயிர்வளியைச் செவுள் ஏற்றுக்கொள்ளும். ஒரு நிமிடத்தில் செவுள்மூடி எத்தனை முறை திறக்கின்றது என்று கடிகாரம் கொண்டு எண்ணுக. அமைதியாக நிற்கும் மீனுக்கும் விரைந்து திரியும் மீனுக்கும் எண்ணிக்கை ஒன்றா, வேறா?

மீன் தன் முட்டையைப் பார்வையாலேயே பொரிக்கும் என்பது நம் முன்னோர் கொள்கை. அங்கயற்கண்ணி என மதுரை அம்மையைப் போற்றுவோர் இதனை எடுத்துக்காட்டி, அவள் உலகைப் பார்வையாற் காக்கின்றாள் என்பர். இதனை மனத்திற்கொண்டு கோமாளி மீன் இருக்கும் தொட்டியின் முன் நில்லுங்கள். கடற்சாமந்தியின் நச்சுக் கைகளுக்கிடையே அச்சமின்றி வாழும் சிறு மீன் அது. அருகிலுள்ள பாறையில் முட்டையிட்டிருக்குமாயின், ஆண்மீன் அதனைவிட்டு நீங்காது நிற்கும். பெரும்பாலான மீன்களுக்கு இமை இல்லை. ஆதலின், இமையாது முட்டையையே பார்த்து நிற்பதுபோல் தோன்றும். இன்னும் சற்றுக் கூர்ந்து நோக்கினால், அதன் துடுப்பு ஓயாது அசைவது தெரியும். முட்டைகளின்மீது அது புதுநீரை விசிறுகின்றது. கெட்டுப்போன முட்டைகளை வாயால் அகற்றுகின்றது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் குஞ்சுகள் வெளிப்படும். முன்னோர் கண்டது பொய்யன்று. பார்வையோடு நின்றுவிட்டனர், துடுப்பைக் கண்டிலர்.

மண்டபத்தில் 1947-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் இத்தகைய வண்ண மீன்களைத் தொட்டியிலேயே இனம் பெருக்கி வளர்த்துள்ளனர். பவளப் பாறைகளிலிருந்து அவற்றைப் பிடித்துவரும் தேவை இம்முறையாற் குறையும்.

கடற்குதிரையைப் பற்றி ஒன்று கூறாமல் செல்ல மனம் வரவில்லை. நிமிர்ந்து நீந்தும், வாலால் கடற்புல்லைப் பற்றிக்கொண்டு நிற்கும். பெண் முட்டைகளை ஆணின் வயிற்றுப்பையில் இட்டுவிடும். சுமந்து பெறுவது தந்தை. மருந்துக்கென உலர்த்தி விற்கப்பட்டமையால் இவ்வினம் அருகிவந்தது. 2001-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுச் சட்டம் இதனைப் பிடிப்பதைத் தடைசெய்துள்ளது. மன்னார் வளைகுடாவில் பிறந்த மாணவருள்ளும் இதனை உயிரோடு கண்டவர் சிலரே.

பலரும் பார்க்க மறப்பது தொட்டியின் நீரை. கடல்நீரில் லிட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அவ்வளவு பெரிதும் மாறலாகாது. மீன் கழிக்கும் அம்மோனியா அம்மீனுக்கே நஞ்சு. மணலிலும் வடிகட்டிகளிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கண்ணுக்குத் தோன்றாத இவ்வேலையாட்கள் இன்றேல் தொட்டி சில நாளிற் பிணக்காடாகும். ஆசிரியர் முன்னரே எழுதிக் கேட்பின், நீரேற்றிகளும் வடிகட்டிகளும் உள்ள பின்புறத்தைக் காட்ட அலுவலர் இசைதலும் உண்டு. வாய்ப்புக் கிடைப்பின் முதலில் அங்கே செல்லுங்கள்.

இறுதியாக, பெயரைப் பற்றி ஒரு சொல். தொட்டியின்மேல் எழுதியிருக்கும் அறிவியற் பெயரைக் குறித்துக்கொள்வது நன்று, அதனோடு நில்லாதீர். நீர் குடித்துப் பந்துபோல் உப்பும் மீனைப் பேத்தை என்பர் நம் கடற்கரை மக்கள். பாறைப் பிளவில் வாய் திறந்து கிடக்கும் பாம்பு போன்ற மீனை அஞ்சாளை என்பர். இன்னும் எத்தனையோ பெயர்கள் ஏட்டில் ஏறாமல் மீனவர் நாவில் மட்டும் வாழ்கின்றன. ஊர் திரும்பியபின், நீங்கள் வரைந்த படத்தைக் கடற்கரைப் பெரியவர் ஒருவரிடம் காட்டி, “இதனை நீங்கள் எப்பெயரால் அழைப்பீர்கள்? எம்மாதத்தில் வலையிற் படும்?” என்று கேளுங்கள். அவர் கூறும் விடையை அப்படத்தின் கீழேயே எழுதுங்கள்.